தலைவரம்மா மறுபடியும் நிற்கிறார்

தேர்தல் தேதி அறிவிக்கப்படவில்லை. தலைவர் பதவி பொதுப்பிரிவுக்கா, பெண்களுக்கா, பட்டியல் இனத்தவருக்கா என்ற ஒதுக்கீட்டுப் பட்டியலும் வெளிவரவில்லை. எங்கள் ஊராட்சி ஊராட்சியாகவே நீடிக்குமா, அருகிலுள்ள நகராட்சியோடு சேர்க்கப்படுமா என்பதும் முடிவாகவில்லை. ஆனாலும் எங்கள் ஊராட்சி மன்றத் தலைவர் மறுபடியும் நிற்கிறார் என்பது பொங்கலுக்கு முன்பே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வீடு காலண்டர் வந்தது. கேட்டுக்குள் எறிந்துவிட்டுப் போகாமல், அழைப்பு மணியை அடித்து, வீட்டில் எத்தனை பேர், எல்லோரும் நலமா என்று விசாரித்துக் கையில் கொடுத்தார்கள். ஐந்தாண்டில் ஒருமுறைதான் நம் நலத்தில் இவ்வளவு அக்கறை பிறக்கும்.

காலண்டரில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. 2021 தேர்தல் சுவரொட்டியில் வேட்பாளரான அம்மாவின் படம் ஒரு மூலையில் சின்னதாக இருந்தது. கைகூப்பியபடி சுவரை நிறைத்திருந்தவர் அவருடைய கணவர். இப்போது அம்மா நடுவில் இருக்கிறார். கணவர் கீழே, அச்சகத்தின் பெயருக்குச் சற்று மேலே ஒதுங்கியிருக்கிறார். இடைப்பட்ட காலத்தில் ஊராட்சி அலுவலகத்தில் நடந்ததை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஊரின் பெயர் வேண்டாம். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலையில் பாதி வழியில் உள்ளே திரும்பினால் வரும் ஊர்களில் எங்களுடையதும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலை; மறுபக்கம் பழைய மாமல்லபுரம் சாலையும் சிறுசேரி சிப்காட்டும். இரண்டுக்கும் நடுவே ஏரி, அதன் கீழே நெல்வயல், மேட்டில் ஊர், சற்றுத் தள்ளி காலனி என்று இருந்த இடம். இன்று வயல் இருந்த இடமெல்லாம் ‘நகர்’ ஆகிவிட்டது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டதிலிருந்து எங்கள் பக்கத்து நிலத் தரகர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. ‘பேருந்து நிலையத்திலிருந்து பத்தே நிமிடம்’ என்று விளம்பரப் பலகை வைத்திருக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்குப் போனால் அது உண்மைதான்.

தமிழ்நாட்டில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் எல்லா மாவட்டங்களுக்கும் ஒரே நேரத்தில் நடந்து வெகுநாள் ஆகிறது. 27 மாவட்டங்களில் 2019 டிசம்பர் 27, 30 ஆகிய தேதிகளில் வாக்குப்பதிவு நடந்தது. அங்கே தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மாவட்டப் பிரிவினையால் தள்ளிப்போன 9 மாவட்டங்களில், செங்கல்பட்டு உட்பட, 2021 அக்டோபர் 6, 9 ஆகிய தேதிகளில்தான் தேர்தல். ஆகவே எங்கள் தலைவரம்மாவுக்கு 2026 அக்டோபர் வரை நாற்காலி உண்டு. ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்திவிட வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. சொல்வதில் குறையே இல்லை. 27 மாவட்டங்களுக்கும் அதே அரசியலமைப்புதான்.

தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாமல் இருப்பது எப்படி என்பது எங்களுக்குப் புதிதல்ல. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலைப் பழங்குடியினர் இடஒதுக்கீடு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அன்று தொடங்கி 2021 வரை எங்கள் ஊராட்சிக்குத் தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. தண்ணீர் வரவில்லையென்றால் ஒன்றிய அலுவலகம் வரை போக வேண்டும்; அங்கே போனால் அதிகாரி ஆய்வுக் கூட்டத்தில் இருப்பார். அந்த ஐந்து ஆண்டுகளில்தான் ஊர் மளமளவென்று வளர்ந்தது. கேட்பார் இல்லாத நேரம் பார்த்து ஊர் வளர்ந்ததா, வளர்ந்த நேரத்தில் கேட்பார் இல்லாமல் போனதா என்று எங்கள் தெருவில் இன்றும் வாதம் நடக்கிறது. நான் முதல் கட்சி.

வளர்ச்சி என்றால் பணம் கொழிக்கும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். வீட்டு வரி, தொழில் வரி, கட்டட அனுமதிக் கட்டணம் எல்லாம் கூடியிருப்பது உண்மை. ஆனால் மாநில நிதிக்குழு மானியத்தைத் தலையை எண்ணிக் கொடுக்கும்போது எண்ணுவது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தலைகளை. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. வீடுகளைக் கணக்கெடுக்கும் வேலைக்கே 2026 ஏப்ரல்தான் தொடக்கம், தலைகளை எண்ணுவது 2027 பிப்ரவரியில். அதாவது எங்கள் நகரில் இருக்கும் யாருமே அரசின் கணக்குப்படி இன்னும் இந்த ஊருக்குக் குடிவரவில்லை. எங்கள் குப்பை மட்டும் தினமும் காலையில் வாசலுக்கு வந்துவிடுகிறது. அதை அள்ளும் தூய்மைக் காவலர்கள் காலனியைச் சேர்ந்த பெண்கள். மூன்று சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு எத்தனை நகர்தான் சுற்றுவார்கள்?

தலைவரம்மா முன்பு மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தவர். நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்து வருகைப் பதிவேடு எழுதியவர். 2025 டிசம்பரில் தில்லியில் சட்டமே மாறி 125 நாள் என்று ஆன பிறகும் ஊரில் அது நூறு நாள் வேலைதான். பெண்களுக்கான ஒதுக்கீடு 2016இல் 50 சதவீதமாக உயர்த்தப்பட்டதன் பலனாக எங்கள் ஊராட்சி பெண்களுக்கு வந்தது. கணவருக்குத் தலைவராகும் ஆசை இருந்தது. தொகுதி அம்மாவுக்கு வாய்த்தது. முதல் ஆண்டு முழுக்க அலுவலகத்தில் கணவர்தான் உட்கார்ந்திருந்தார். அம்மா வந்து கையெழுத்திட்டுவிட்டுப் போவார். இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை, ஊருக்கே தெரியும்.

மாற்றம் எப்போது நேர்ந்தது என்று ஒரு நாளைக் குறித்துச் சொல்ல முடியாது. ஊராட்சிச் செயலர் சொன்னது இது: ஒரு முறை தெருவிளக்குக் கொள்முதல் ரசீதை அம்மா வாங்கிப் பார்த்திருக்கிறார். வருகைப் பதிவேடு எழுதிப் பழகிய கண். விளக்குகளின் எண்ணிக்கையைக் கம்பங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, “மிச்ச விளக்கெல்லாம் எந்தக் கம்பத்தில் எரிகிறது?” என்று கேட்டாராம். கணவர் எழுந்து தேநீர் குடிக்கப் போய்விட்டாராம். அதன் பிறகு பதிவேடுகள் அம்மாவின் மேசைக்கு வரத் தொடங்கின. செயலர் சற்று மசாலா சேர்த்துச் சொல்பவர்தான் என்றாலும், அதற்குப் பிறகு அலுவலகத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அவர் செய்த வேலைகளின் பட்டியலைக் காலண்டரின் பின்பக்கம் அச்சடித்திருக்கிறார்கள். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, சிமென்ட் சாலைகள், பேவர் பிளாக் பதித்த தெருக்கள், எல்.இ.டி. விளக்குகள், அங்கன்வாடிக்குச் சுற்றுச்சுவர். எல்லாம் உண்மைதான். எந்தத் தலைவர் வந்திருந்தாலும் இவற்றில் முக்கால்வாசி நடந்திருக்கும். திட்டம் அரசுடையது, பணம் அரசுடையது, ஒப்பந்தக்காரர் யாருடையவர் என்பதில்தான் வேறுபாடு. நான் ஓட்டுப் போடுவதானால் அந்தப் பட்டியலைப் பார்த்துப் போட மாட்டேன். பட்டியலில் இல்லாத ஒன்றுக்காகத்தான் போடுவேன்.

எங்கள் நகருக்கு எதிர்ப்புறம் ஒரு பெரிய மனைப்பிரிவு இருக்கிறது. தலைவர் இல்லாத ஆண்டுகளில் போடப்பட்டது. மனைப்பிரிவின் பரப்பு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் அதில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளிக்காக ஒதுக்கியே ஆக வேண்டும். சாலைகளையும் அந்தப் பூங்கா இடத்தையும் உள்ளாட்சியின் பெயருக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிந்து கொடுத்த பிறகுதான் இறுதி ஒப்புதல். டி.டி.சி.பி. என்ற நகர் ஊரமைப்பு இயக்ககம் நுட்ப ஒப்புதல் கொடுக்கும். கடைசிக் கையெழுத்து ஊராட்சியுடையது. சட்டம் இந்த ஒரு விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. ஆனால் பத்திரம் பதிவதோடு நிலம் கைக்கு வந்துவிடுவதில்லை. யாராவது போய் நான்கு மூலையிலும் கல் நட்டால்தான் அது பூங்கா. இல்லையென்றால் அது காலி மனை. காலி மனையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் பழக்கம் எங்கள் பகுதியில் யாருக்கும் இல்லை.

முதலில் மனை விற்றவருடைய ஆட்கள் அங்கே ஜல்லி கொட்டினார்கள். பிறகு தகரக் கொட்டகை வந்தது. காவலாளி தங்குவதற்கு என்றார்கள். பிறகு ஒரு மூலையில் நான்கு செங்கல்லை அடுக்கி, மஞ்சள் குங்குமம் வைத்து, ஒரு வேலை நட்டார்கள். அடுத்த ஆடியில் கூழ் ஊற்றினால் அப்புறம் அந்த இடத்தை யாராலும் அசைக்க முடியாது. மீதி இடம் தனியார் மனையாக மாறுவதற்கு அந்த வேல் காவல் நிற்கும். இந்த வித்தையை எங்கள் சாலையில் எத்தனையோ இடங்களில் பார்க்கலாம்.

அங்கே மனை வாங்கியவர்கள் சிலர் அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னார்கள். அலுவலகத்தில் அந்தத் தானப் பத்திரத்தின் நகலே இல்லை. வழக்கமாக இந்த இடத்தில் கதை முடிந்துவிடும்: “ஆவணம் இல்லை, நாங்கள் என்ன செய்வது?” தலைவரம்மா செயலரை அழைத்துக்கொண்டு சார் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனார். வில்லங்கச் சான்றுக்கு மனுப் போட்டு, அதில் பத்திர எண்ணைப் பிடித்து, சான்றிட்ட நகல் வாங்கினார். பிறகு நில அளவையருக்கு அலைந்தார். அளவையர் கிடைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று பட்டா மாற்றத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். அளந்த அன்று நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். வெயில் கொளுத்தியது. சங்கிலியின் ஒரு முனையைத் தொட்டி இயக்குபவர் பிடித்திருந்தார். கொட்டகையின் பாதி பூங்கா இடத்துக்குள் வந்தது. மனை விற்றவருடைய மேலாளர், “மேடம், உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்ளலாமே” என்றார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இது என் வீட்டு இடமா, நான் பேசி முடிக்க?” என்றார். அதிகம் பேசுகிற ஆள் இல்லை அவர். அன்றும் அவ்வளவுதான் பேசினார்.

அந்த வேல் மட்டும் பிடுங்கப்படவில்லை. அம்மாவே ஊர் அம்மன் கோயில் பூசாரியை வரவழைத்து, கற்பூரம் காட்டி, மேளத்தோடு எடுத்துக்கொண்டுபோய்ப் பழைய கோயிலில் வைக்கச் செய்தார். சாமி விஷயத்தில் தலையிட்டார் என்ற பேச்சுக்கு இடமே இல்லாமல் போயிற்று. சட்டம் தெரிந்த அதிகாரி ஒருவருக்கு இது தோன்றியிருக்காது என்பது என் எண்ணம். அடுத்த வாரம் கான்கிரீட் கம்பமும் முள்வேலியும் வந்தன. ‘இது ஊராட்சிக்குச் சொந்தமான பூங்கா இடம்’ என்று பச்சை வண்ணத்தில் ஒரு பலகையும் வந்தது.

இதனால் அவருக்கு என்ன லாபம்? ஓட்டுக் கணக்கில் பார்த்தால் நஷ்டம்தான். அந்த மனைப்பிரிவில் வீடு கட்டிக் குடிவந்தவர்களில் பாதிப் பேருக்கு ஓட்டு கும்பகோணத்திலும் திருநெல்வேலியிலும் இருக்கிறது. மீதிப் பேர், “பூங்கா என்றார்கள், உள்ளே ஒரு ஊஞ்சல்கூட இல்லை, சீமைக் கருவேலம்தான் வளர்கிறது” என்று குறை சொல்கிறார்கள். குறையும் நியாயமானதே. ஆனால் ஊஞ்சலை எந்தத் தலைவரும் எந்த ஆண்டிலும் வாங்கிப் போட்டுவிடலாம். நிலம் ஒரு முறை கைமாறினால் போனதுதான். மனை விற்றவருக்கு மட்டும் நடந்தது நன்றாக நினைவிருக்கிறது. அவர் இப்போது எதிர் அணிக்குச் செலவு செய்கிறார் என்று கேள்வி.

இதற்காக அம்மாவை உத்தமர் என்று நான் சொல்ல வரவில்லை. ஏரிக்கு வரும் வரத்துக் கால்வாயின் மேல் ஒரு வில்லா குடியிருப்புக்காரர்கள் சிறுபாலம் கட்டிச் சுற்றுச்சுவர் எழுப்பினார்கள். அகலமாக ஓடிய கால்வாய் இரண்டு சிமென்ட் குழாயாகச் சுருங்கியது. 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், கொண்ட ஏரி என்பதால் அது ஒன்றியத்தின் பொறுப்பு. கால்வாய் புறம்போக்கு வருவாய்த் துறையின் பொறுப்பு. எனவே ஊராட்சிக்குச் சம்பந்தமில்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ஆனால் பாலம் கட்டத் தடையில்லை என்று கடிதம் கொடுக்க மட்டும் ஊராட்சிக்குச் சம்பந்தம் இருந்தது. அது அம்மாவின் கையெழுத்து. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பழைய ஊரின் கீழ்த்தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. 2015 பெருமழையில்கூட அந்தத் தெருவில் முழங்கால் அளவுக்கு மேல் ஏறவில்லை என்று அங்கே இருக்கும் பெரியவர்கள் சொல்கிறார்கள். பூங்காவைக் காத்த அதே கைதான் கால்வாயைக் கொடுத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இவரைப் பற்றிப் பேச முடியாது.

கழிவுநீர் லாரிகள் இன்னொரு கதை. பாதாள சாக்கடை இல்லாத ஊரில் இத்தனை அடுக்குமாடிகள் வந்தால் லாரிதான் சாக்கடை. இரவில் எங்கே கொட்டுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இதில் குற்றவாளிகள் நாங்களே என்பதால் யாரும் உரக்கப் பேசுவதில்லை.

இனி ஓட்டுக் கணக்குக்கு வருகிறேன். ஊரக வாக்காளருக்கு நான்கு ஓட்டு. வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று நான்கு நிறத்தில் நான்கு சீட்டுகள், தலைவருக்கு இளஞ்சிவப்பு. இயந்திரம் கிடையாது, முத்திரை குத்தி மடித்துப் பெட்டியில் போட வேண்டும். தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் இல்லை; ஆட்டோ, பூட்டுச்சாவி என்று ஏதாவது ஒதுக்குவார்கள். கட்சி இல்லை என்று சட்டம் சொல்கிறதே தவிர, எந்தக் கரை வேட்டி எந்தப் பூட்டுச்சாவிக்குப் பின்னால் நிற்கிறது என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். தலைவர் வேட்பாளர் செய்யலாம் என்று தேர்தல் ஆணையம் கடந்த முறை வைத்த செலவு வரம்பு 34,000 ரூபாய். எங்கள் ஊரில் அது வாக்குப்பதிவுக்கு முதல்நாள் இரவு பிரியாணிக்கே போதாது.

2021இல் அம்மா வென்றது பழைய ஊரின் ஒரு பகுதியையும் காலனி முழுவதையும் வைத்து. நகர்களில் அப்போது ஓட்டு குறைவு. இப்போது அப்படி இல்லை. 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் படிவம் நிரப்ப உட்கார்ந்தபோதுதான், ‘நான் எந்த ஊர்க்காரன்?’ என்ற கேள்வியே பலருக்கு எழுந்தது. சொந்த ஊர்ப் பட்டியலில் பெயரை வைத்துக்கொண்டு இங்கே வரி கட்டிக்கொண்டிருந்தவர்கள் இந்த ஊருக்கு மாற மனுப் போட்டார்கள். உள்ளாட்சித் தேர்தலுக்கும் சட்டமன்றப் பட்டியலே அடிப்படை. அந்த நேரத்தில் எதிர் அணியின் இளைஞர்கள் மடிக்கணினியோடு நகர் நகராக வந்து படிவம் நிரப்ப உதவினார்கள். தலைவரம்மாவின் ஆட்கள் காலனியிலும் மேட்டுத் தெருவிலும் ஒரு வீடு விடாமல் போனார்கள். எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்க வேண்டியதில்லை. தனக்கு ஓட்டுப் போடாதவர்களைப் பட்டியலில் சேர்க்க எந்த அரசியல்வாதிதான் மெனக்கெடுவார்? ஆனாலும் எனக்கு அது பிடிக்கவில்லை.

எதிரில் நிற்கப்போகிறவர் கட்டுமானப் பொருள் வியாபாரி ஒருவரின் மருமகள். எம்.சாண்ட், ஜல்லி, செங்கல் எல்லாம் அந்த வியாபாரியின் லாரியில்தான் எங்கள் ஊருக்குள் வருகின்றன. எங்கள் வீடுகளை அவர்தான் கட்டினார் என்று ஒரு பொருளில் சொல்லலாம். மருமகள் பொறியியல் படித்தவர், நன்றாக ஆங்கிலம் பேசுகிறார், வாட்ஸ்அப் குழுவில் உடனுக்குடன் பதில் போடுகிறார். கோடையில் இலவசத் தண்ணீர் லாரி விட்டார்கள். அடுக்குமாடிக்காரர்களுக்கு அவரை மிகவும் பிடித்திருக்கிறது. தலைவரம்மா வாட்ஸ்அப்பில் காலை வணக்கப் படத்தைத் தவிர வேறெதுவும் அனுப்பி நான் பார்த்ததில்லை. புகார் சொன்னால், “நேரில் வாங்க சார்” என்பார். நேரில் போக யாருக்கு நேரம் இருக்கிறது?

ஊராட்சித் தலைவருக்கு இரண்டாம் தடவை கொடுப்பது சரியா என்பதில் எனக்குக் கொஞ்சம் அழுத்தமான கருத்து உண்டு. முதல் ஐந்தாண்டு பாடம் படிக்கவே போய்விடுகிறது. எந்தப் பதிவேடு எங்கே, எந்த மானியத்தை எதற்குச் செலவிடலாம், துணைத் தலைவரை எப்படிச் சமாளிப்பது என்பதெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை. தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் ஊராட்சிப் பணம் வெளியே வரும். இருவருக்கும் ஆகவில்லையென்றால் தொட்டி இயக்குபவருக்குச் சம்பளம் போடுவதுகூட நின்றுவிடும். எங்கள் ஊரில் நின்றது. திருவள்ளூர் மாவட்டக் குத்தம்பாக்கத்தில் இளங்கோ 1996லும் 2001லும் ஊராட்சித் தலைவராகத் தேர்வானார். மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறையில் சண்முகம் 1996 தொடங்கிப் பத்தாண்டு தலைவராக இருந்தார்; ஊராட்சியே கடன் வாங்கிச் சொந்தமாகக் காற்றாலை வைத்தது அந்தக் காலத்தின் கடைசியில்தான். ஒரே தடவையோடு மாற்றியிருந்தால் ஓடந்துறை என்ற பெயரை நாம் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். மறுபுறம், இரண்டாம் தடவையில் எல்லாம் கற்றுத் தேர்ந்து ஊரையே விற்றவர்களும் உண்டு. படித்த பாடம் எதற்குப் பயன்படும் என்பது ஆளைப் பொறுத்தது.

போன சுதந்திர தினத்தன்று நடந்த கிராம சபைக்குப் போயிருந்தேன். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி வளாகத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். 10,000 பேருக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும்; அதைக் குறைவெண் என்பார்கள். 2011 கணக்குப்படி எங்கள் ஊருக்கு அவ்வளவு தேவையில்லை; அதுவும் நல்லதாயிற்று. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் நூறு நாள் வேலைப் பெண்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிழல் தேடி உட்கார்ந்தார்கள். நகர்களிலிருந்து வந்தவர்கள் பின்வரிசையில் நின்றோம்.

செயலர் வரவு செலவு வாசித்தார். ஒலிபெருக்கி கரகரத்ததில் தொகைகள் யாருக்கும் புரியவில்லை. ஒரு பெண் எழுந்து, நகராட்சியோடு சேர்த்தால் தங்கள் நூறு நாள் வேலை போய்விடும், சேர்க்கக் கூடாது என்று தீர்மானம் எழுத வேண்டும் என்றார். கைதட்டல். எங்கள் வரிசையிலிருந்து ஒருவர், நகராட்சி ஆனால்தான் பாதாள சாக்கடை வரும், எத்தனை நாள் லாரிக்குக் காசு கொடுப்பது என்றார். அதற்கு எங்கள் வரிசை மட்டும் கைதட்டியது. வரி எவ்வளவு ஏறும் என்று யாரோ கேட்டதும் எங்கள் வரிசையிலும் கைதட்டல் நின்றது. தலைவரம்மா சேர்க்கக் கூடாது என்றே தீர்மானம் எழுதச் சொன்னார். அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். ஊராட்சி போனால் அவர் நாற்காலியும் போகும். இரண்டு காரணமும் ஒரே தீர்மானத்தில் அடங்கிவிட்டன. இதைப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பெண்களின் கூலிக்குப் பதில் சொல்லாமல் எங்கள் சாக்கடையைப் பற்றி மட்டும் பேச முடியாது. எங்கள் சாக்கடை போய்ச் சேர்வதும் அவர்கள் தெருவுக்குப் பின்னால்தான்.

கூட்டம் கலையும்போது கால்வாயைப் பற்றிக் கேட்டேன். கணவர் பதில் சொல்ல முன்னால் வந்தார். அம்மா அவரைப் பார்க்காமலேயே, “அந்தக் கடிதம் நான் கொடுத்ததுதான் சார். அப்போது வரைபடம் பார்க்கத் தெரியாது” என்றார். பிறகு, “தாசில்தாருக்கு எழுதியிருக்கிறேன், அளக்க வரவில்லை” என்றார். நகல் இருக்கிறதா என்றேன். இருந்தது, செயலர் எடுத்துக் காட்டினார். தேதியைப் பார்த்தேன். மிக்ஜாமுக்கு ஆறு மாதம் கழித்து எழுதியது. முன்பே எழுதியிருக்கலாம். எழுதாமலே இருந்திருக்கவும் கூடும்.

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் போன ஞாயிற்றுக்கிழமை கூடி, வேட்பாளர்களிடம் கொடுப்பதற்கு ஒரு கோரிக்கைப் பட்டியல் தயாரித்தது. வேகத்தடை, கண்காணிப்புக் கேமரா, தெருநாய், கொசு மருந்து, குப்பை வண்டி வரும் நேரம், உடற்பயிற்சிக் கூடம் என்று நீண்டது. ஊராட்சிப் பகுதியில் உள்ள எல்லாப் பூங்கா இடங்களின் தானப் பத்திர எண்ணையும் பரப்பையும் அலுவலகச் சுவரில் எழுதி வைக்க வேண்டும், கால்வாயை அளந்து கல் நட வேண்டும் என்ற இரண்டையும் சேர்க்கச் சொன்னேன். சங்கச் செயலாளர் பேனாவை மூடிவிட்டு யோசித்தார். “சார், முதலாவதைச் சேர்த்தால் எதிரில் மனை போட்டவருக்குக் கோபம் வரும். நம் பொங்கல் விழாவுக்கு அவர்தான் பந்தல் போட்டுத் தந்தார்” என்றார். அப்படியானால் இரண்டாவதை எழுதுங்கள் என்றேன். வில்லாக்காரர்களும் நம் சங்கத்தில் உறுப்பினர்கள் ஆயிற்றே என்றார் பொருளாளர். அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்துவிட்டு, எந்த வேட்பாளரை முதலில் அழைப்பது என்ற விவாதத்துக்குப் போனார்கள். பொறியியல் படித்த மருமகளை முதலில் அழைப்பது என்று முடிவாயிற்று.